மெல்லிழைத்தாள்

புதன்கிழமை. விடுப்பு எடுத்தாயிற்று.
காரணம் கேட்ட கட்டத்தில்
'சொந்த வேலை' என்று தட்டினேன்.
சொந்தமும் இல்லை, வேலையும் இல்லை.
காலியாக விட்டால் கணினி ஏற்காது.

ஏழு மணிக்கே தேக்கா.
ஈரச்சந்தைத் தரையில் செருப்புகள் கீச்சிட,
மீன்கடை கோ, முழங்கால்வரை ரப்பர் காலணி,
என் பொட்டைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்:
"தல வேணுமா அக்கா? ரெட் ஸ்னாப்பர். இன்னிக்கு வந்தது.
வீட்ல எத்தன பேர்?"

நாலு என்றது வாய்.
இருபது வருடம் சொன்ன எண்ணை
ஒரே ஜூன் மாதத்தில் எப்படி மறக்கும்?
இரண்டு பேர் மெல்பர்னில்.
மூன்றாமவரைப் பற்றி இன்று வேண்டாம்.

நாலு பேருக்கான தலையைப்
பனிக்கட்டியோடு பையில் இறுக்கிக் கட்டி
பதினெட்டு வெள்ளி வாங்கிக்கொண்டார்.
பக்கத்துக் கடையில் அவர் கைநீட்டிப் பறித்த
கறிவேப்பிலைக் கொத்து கணக்கில் வரவில்லை.

வீட்டுக்குப் போயிருக்கலாம்.
மீனோடு பெருவிரைவு ரயிலில் ஏறினேன்.
பலகையில் டுரியானுக்குத்தான் தடை,
மீனுக்குப் படம் போடவில்லை.

அர்மீனியன் தெரு அருங்காட்சியகத்தில்
சீட்டுக் கொடுக்கும் பெண்ணும் அதையே கேட்டாள்,
எத்தனை பேர்.
இங்கே தலைக்கு இவ்வளவு என்று விலை.
ஆகவே உண்மையைச் சொன்னேன்.
என்னிடமிருந்த இன்னொரு தலையைப்
பதினேழாம் எண் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன்.

மாடியில், கண்ணாடிக்குள்,
பெரனாக்கான் பெண் ஒருத்தி கோத்த மணிச்செருப்பு.
அரிசியில் பாதிகூட இல்லாத மணிகள்.
ஒரு ரோஜா, ஒரு வாத்து,
இன்னொரு ரோஜாவில் முக்கால்வாசி.
அங்கே ஊசி நின்றுவிட்டது.
ஏன் என்று குறிப்பில் இல்லை.
கல்யாணம் நின்றதா, கண் போனதா,
சலித்துப்போய் வெளியே சாப்பிடக் கிளம்பினாளா?
எனக்குப் பசித்தது.

மேக்ஸ்வெல் உணவங்காடி. பன்னிரண்டே முக்கால்.
கழுத்தில் அட்டை தொங்கும் கூட்டம்,
வாணலிச் சத்தம், எல்லா வரிசையும் வளைந்து
இன்னொரு வரிசையின் முதுகில் முட்டுகிறது.
தனியாக வந்தவளுக்குச் சிக்கல் இதுதான்:
வரிசையிலும் நிற்க வேண்டும்,
இடத்தையும் காக்க வேண்டும்.

ஊரில் பேருந்து ஜன்னல் வழியே
துண்டு போடுவார்களாம்.
இங்கே மெல்லிழைத்தாள் பொட்டலம்.
எடை இல்லை, பூட்டு இல்லை,
ரயில் நிலைய வாசலில் இரண்டு வெள்ளிக்கு மூன்று.
அதை நகர்த்தும் துணிச்சல்
இந்தத் தீவில் எவருக்கும் கிடையாது.

நாலு நாற்காலி மேசைதான் அகப்பட்டது.
நடுவில் பொட்டலத்தை வைத்தேன்.
எதிரில் மீனை உட்காரவைத்தேன்.

கோழிச்சோற்றுத் தட்டோடு திரும்பினால்
ஒரு பையன் நிற்கிறான்.
அட்டையில் பெயர் வெய் ஜியே.
"ஆன்ட்டி, இங்க ஆள் இருக்கா?"
பொட்டலத்தைப் பார்த்தேன். மீனைப் பார்த்தேன்.
"இல்ல. உக்காரு."
அவன் கையசைத்ததும் இன்னும் இருவர் வந்தார்கள்.
மீன் என் மடிக்கு மாறியது.

சீனத்தில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள்.
'ஓவர்டைம்' மட்டும் எனக்குப் புரிந்தது.
ஒருத்தி மிளகாய்ச் சாந்தை என் பக்கம் தள்ளினாள்.
மேசைக்கடியில் யார் முழங்காலோ இடிக்க
இரண்டு பேர் ஒரே நேரத்தில் சாரி சொன்னோம்.
ஒன்றேகாலுக்கு மூன்று தட்டுகளும் எழுந்து போயின.

என் தட்டையும் கொண்டுபோய் அடுக்கில் செருகிவிட்டுத்
திரும்பிப் பார்த்தேன்.
மேசையில் பொட்டலம்.
சுற்றிலும் நாலு காலி நாற்காலிகள்.
ஆவி பறக்கும் கிண்ணங்களோடு ஒரு கணவன் மனைவி
அருகே வந்தார்கள், பார்த்தார்கள்,
மரியாதையாக விலகிப் போனார்கள்.
அப்புறம் ஓர் அப்பா, இரண்டு பிள்ளைகள்.
அவர்களும்.

உள்ளே இரண்டு தாள்தான் மிச்சமிருக்கும்.
ஆளில்லை என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
மணிக்கட்டில் தொங்கும் பையிலிருந்து
பனிக்கட்டி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
இன்னும் ஒரே நிமிடம்
இருக்கட்டும் என்று நின்றேன்.